பூட்டப்பட்ட மூன்று மூட்டுக்கள்: கல்முனைக் கரையோரத்தின் மறந்துபோன ஒரு மருத்துவ வரலாறு

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் எங்கள் கரையோர ஊர்களில், ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் சிலரின் நடையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். ஒரு கால் மற்றதைவிடச் சற்றே மெலிந்திருக்கும். பாதம் குட்டையாக இருக்கும். ஆனால் அந்தப் பாதம் தரையில் தட்டையாக, உறுதியாக ஊன்றும். தார்வீதியில் அவர்கள் இயல்பாகவே நடப்பர். கடற்கரை மணலிலோ வயல் வரம்பிலோ இறங்கியதும் நடையின் வேகம் குறைந்துவிடும். அந்தப் பாதத்தால் பக்கவாட்டில் சரிய இயலாது என்பதே காரணம். குதிகாலைச் சுற்றியுள்ள மூன்று மூட்டுக்களைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் என்றோ ஒருநாள் நிரந்தரமாகப் பூட்டிவிட்டார்.

‘மூன்று மூட்டு இணைப்பு’ என்று தமிழில் சொல்லத்தக்க இச்சிகிச்சை, இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் இளம்பிள்ளைவாதத்தால் முடமான கால்களுக்குச் செய்யப்பட்டது. அந்நோய் எங்கள் தீவிலிருந்து அகன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதனால் இச்சிகிச்சையின் கதையும் மெல்ல மறைகிறது. அது மறைவதற்கு முன் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பாதம் என்னும் பூட்டு

முதலில் உடலமைப்பைப் பற்றிச் சிறிது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் எலும்புகள் கணுக்காலில் ஓர் எலும்பின் மீது அமர்கின்றன. பாதம் மேலும் கீழும் அசைவது அந்த இடத்திலேதான். குந்தி இருப்பதற்கும், படியேறுவதற்கும், தறியின் மிதிபலகையை அழுத்துவதற்கும் அந்த அசைவு வேண்டும்.

கணுக்கால் எலும்புக்குக் கீழே குதிகால் எலும்பு. முன்னே தோணியின் வடிவில் ஒன்று. பக்கத்தே பெட்டி போன்ற வடிவில் இன்னொன்று. கணுக்கால் எலும்பு குதிகாலோடு சேரும் இடம், அதே எலும்பு தோணி எலும்போடு சேரும் இடம், குதிகால் எலும்பு பெட்டி எலும்போடு சேரும் இடம் ஆகிய மூன்றுமே நாம் பேசும் மூட்டுக்கள். பாதத்தை உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் சரிப்பவை இவையே. சரிவான நிலத்தில் நிற்கும்போது உடல் நிமிர்ந்திருக்கப் பாதம் மாத்திரம் நிலத்துக்கேற்ப வளைந்துகொடுப்பது இவற்றால்தான்.

இந்த மூன்றும் சேர்ந்து ஓர் அற்புதமான வேலையைச் செய்கின்றன. குதிகால் நிலத்தைத் தொடும் கணத்தில் அவை தளர்கின்றன. பாதம் மென்மையாகி மேடுபள்ளத்தோடு பொருந்துகிறது. அடுத்த கணம், பெருவிரலை ஊன்றி உடலை முன்னே தள்ளும்போது, அவையே இறுகுகின்றன. பாதம் ஒரு நெம்புகோலாக மாறுகிறது. ஒவ்வோர் அடியிலும் திறந்து மூடும் பூட்டு அது. அதைத் திறப்பதும் மூடுவதும் காலின் தசைகள். இளம்பிள்ளைவாதம் தாக்குவது அத்தசைகளை இயக்கும் முண்ணாண் நரம்புக் கலங்களை. சில தசைகள் செயலிழக்கின்றன; அவற்றுக்கு எதிரானவை வலுவோடு நிற்கின்றன. சமநிலை குலைந்த பாதம் வலுவான பக்கத்துக்கு இழுபட்டு ஆண்டாண்டாகத் திருகிக்கொள்கிறது. ஈற்றில் குழந்தை பாதத்தின் ஓரத்தில், சில வேளைகளில் அதன் மேற்புறத்திலேயே, நடக்கத் தொடங்குகிறது.

அசைவை விற்று உறுதியை வாங்குதல்

இத்தகைய கால்களுக்குத் தீர்வு தேடியவர்களுள் முன்னோடி ஆஸ்திரியச் சத்திரசிகிச்சையாளர் எட்வார்ட் ஆல்பர்ட். 1870களின் இறுதியில், தசைகளை இழந்து தொங்கிய மூட்டுக்களின் குருத்தெலும்பை அகற்றி, எலும்போடு எலும்பை ஒட்ட வைக்கும் முறையை அவர் கையாண்டார். ஆடும் மூட்டினால் பயனில்லை, ஆடாத மூட்டினால் நிற்கவாவது முடியும் என்பதே அவருடைய கணக்கு.

அக்கணக்கு பரவலான நடைமுறையாக மாறியதற்கு இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோய்கள் காரணமாயின. 1916-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 27,000 பேரை அந்நோய் தாக்கியது. நியூயோர்க் நகரில் மாத்திரம் 2,000 பேருக்கு மேல் இறந்தனர். உயிர் தப்பிய பிள்ளைகள் வளர்ந்தபோது அவர்களுடைய திருகிய பாதங்கள் மருத்துவ உலகின் முன் நின்றன. 1921-இல் அட்லாண்டாவைச் சேர்ந்த மைக்கல் ஹோக், வாதத்தால் தளர்ந்த பாதத்தை நிலைநிறுத்தும் சிகிச்சையொன்றை வெளியிட்டார். 1922-இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் நோட்டன் டன் தம்முடைய முறையை விளக்கினார். 1923-இல் சிக்காகோவின் எட்வின் ரையர்சன் மூன்று மூட்டுக்களையும் ஒருசேர இணைக்கும் முறையை எழுதினார். இன்றுவரை நிலைத்திருப்பது பெரும்பாலும் அவர் வகுத்த வடிவமே. 1927-இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் லம்பிரினுடி, முன்பாதம் கீழே தொங்கிவிடும் கால்களுக்கென அதில் ஒரு மாற்றம் செய்தார்.

ஹோக் தம் முறையை வெளியிட்ட அதே 1921-இல்தான் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் நோயுற்றுக் கால்களை இழந்தார். பின்னாளில் ரூஸ்வெல்ட் ஜோர்ஜியா மாநிலத்தின் வோர்ம் ஸ்பிரிங்ஸில் நிறுவிய சிகிச்சை நிலையத்துக்குத் தலைமைச் சத்திரசிகிச்சையாளராக வந்தவர் இந்த ஹோக்.

சிகிச்சையின் சாரத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். மூன்று மூட்டுக்களின் வழுவழுப்பான குருத்தெலும்பைச் சீவி எடுப்பார்கள். பாதம் எந்தப் பக்கம் திருகியிருக்கிறதோ அதற்கேற்ப எலும்பில் ஆப்பு வடிவத் துண்டொன்றை வெட்டி நீக்கிப் பாதத்தை நேராக்குவார்கள். பிறகு மாவுக்கட்டு. ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெட்டப்பட்ட எலும்புகள், முறிந்த எலும்பு பொருந்துவதைப்போலவே, ஒன்றோடொன்று பொருந்தி ஒரே எலும்பாகிவிடும்.

எங்கள் பகுதியின் முறிவு வைத்தியர்களுக்கு இதன் பிற்பாதி நன்கு தெரிந்ததே. எலும்பைச் சேர்த்துவைத்து, மட்டை கட்டி, அசையாமல் காத்தால் இயற்கை தன் வேலையைச் செய்யும் என்பது அவர்களுடைய பரம்பரை அறிவு. நவீன சத்திரசிகிச்சையாளர் அதே இயற்கையை நம்பி வேண்டுமென்றே ஒரு முறிவை உண்டாக்குகிறார்.

இதில் இரு நிபந்தனைகள் இருந்தன. வளரும் எலும்பை வெட்டினால் பாதம் குட்டையாகிவிடும். ஆகவே குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை இரும்புக் கம்பிகள் பூட்டிய ‘கலிப்பர்’ சப்பாத்துத்தான் துணை. 1952-இல் பொஸ்டனின் டேவிட் கிரைஸ் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்றதாக மூட்டுக்கு வெளியே எலும்புத் துண்டைப் பொருத்தும் முறையைக் கண்டறிந்தார் என்றாலும், பெரும்பாலோருக்குக் காத்திருப்பே விதியாயிற்று. இரண்டாவது நிபந்தனை, இது மீளமுடியாத பேரம் என்பது. பூட்டிய மூட்டைத் திறக்க வழியில்லை.

1962

அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது 1961-இல். அதற்கு அடுத்த ஆண்டு, 1962-இல், இலங்கை தன் வரலாற்றில் மிகப் பெரிய இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோயைச் சந்தித்தது. நாடெங்கும் 1,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். இவ்வெண்ணிக்கை கால் விழுந்தவர்களையே பெரும்பாலும் குறிக்கும். இந்த வைரசு தொற்றும் இருநூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே நிரந்தர வாதம் ஏற்படும் என்பதை நினைவிற்கொண்டால், அவ்வாண்டில் அது எத்தனை குடும்பங்களுக்குள் புகுந்து வெளியேறியிருக்கும் என்பது விளங்கும்.

மலத்தின் வழியாகவும் மாசுபட்ட நீரின் வழியாகவும் பரவுகின்ற நோய் இது. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர்கள் எங்களுடையவை. மாரியில் வெள்ளம் தேங்கும். அக்காலத்தில் ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும் இருந்தன. இத்தகைய நிலத்தை அந்த வைரசுக்கு உகந்த நிலம் என்றே சொல்ல வேண்டும்.

இரவில் காய்ச்சலோடு படுத்த பிள்ளை காலையில் எழுந்து நிற்க முடியாமல் விழுந்ததாகத்தான் எங்கள் ஊர்த் தாய்மார் அந்நோயை நினைவுகூர்ந்தனர். முதலில் பரிசாரியிடம் கொண்டுபோய் எண்ணெய் பூசி உருவினர். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சை வைத்தனர். மாதங்கள் கழிந்தும் கால் எழாதபோது வைத்தியசாலையை நாடினர். சிறப்புச் சிகிச்சை என்றால் கொழும்புக்குப் போக வேண்டும். மட்டக்களப்புக்குச் சென்று இரவுப் புகையிரதம் ஏறுவதோ, மலைநாட்டைக் கடந்து பஸ்ஸில் போவதோ, எப்படியும் ஏறத்தாழ ஒருநாட் பயணம். உம்மா ஒருத்தி மற்றப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, மொழி தெரியாத நகரில் மூன்று மாதம் மாவுக்கட்டுக்குக் காவலிருப்பது எளிதான காரியமன்று. ஆகவே இச்சிகிச்சை கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்களே அதிகம். திருகிய பாதத்தோடும் ஊன்றுகோலோடும் வாழ்ந்து முடித்தவர்களை எங்கள் ஊர்கள் ஒவ்வொன்றும் அறியும். அவர்களுடைய இயற்பெயர் பலருக்குத் தெரியாது. காலைக் குறித்த பட்டப்பெயரே தெரியும்.

என் பள்ளிப்பருவத்தில் எங்களுக்கு மேல் வகுப்பில் படித்த ஒருவர் கலிப்பர் அணிந்து வருவார். அவர் வருவது கண்ணில் படுமுன் காதில் விழும். ஒரு தவணை முழுவதும் அவரைக் காணவில்லை. திரும்பி வந்தபோது அவர் காலில் சாதாரண ரப்பர் செருப்பு இருந்தது. அக்காலத்தில் எங்களுக்கு அது ஏதோ மாயம்போலத் தோன்றியது. பல்லாண்டுகளுக்குப் பின், செய்தியாளனாக மருத்துவ விடயங்களை எழுதத் தொடங்கிய காலத்தில், அந்த மாயத்தின் பெயரை ஒரு வைத்தியர் வாயிலாக அறிந்துகொண்டேன்.

செருப்பைக் கழற்றும் பண்பாடு

இங்கே மேனாட்டுப் பாடநூல்கள் பெரிதும் கவனியாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கலிப்பர் என்பது சப்பாத்தோடு பிணைந்த கருவி. சப்பாத்தைக் கழற்றினால் கலிப்பரும் போய்விடும். காலையில் அணிந்து இரவில் கழற்றும் சமுதாயத்துக்கு அது பொருந்தும். எங்கள் வாழ்வு அப்படிப்பட்டதா? வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் விடுகிறோம். பள்ளிவாசலிலும் கோவிலிலும் அவ்வாறே. ஐவேளைத் தொழுகைக்கு ‘வுளு’ எடுப்பவர் ஒவ்வொரு முறையும் பாதங்களைக் கணுக்கால்வரை கழுவுகிறார். வயற்சேற்றிலும் தோணியிலும் சப்பாத்துக்கு இடமில்லை. ஆகவே கலிப்பர் அணிந்த ஒருவர் இந்த வாழ்வின் ஒவ்வொரு வாசலிலும் மீண்டும் ஊனமுற்றவராகிறார்.

மூன்று மூட்டு இணைப்பு அவருக்குத் தந்தது வெறுங்காலோடு நிற்கும் வல்லமையை. கணுக்கால் மூட்டு எஞ்சியிருப்பதால் அவரால் ஓரளவு குந்த முடியும். மலசலகூடத்துக்குப் போவதற்குப் பிறர் துணை வேண்டியதில்லை. தொழுகையில் நிற்கலாம், குனியலாம். அத்தஹிய்யாத் இருப்பில்தான் சங்கடம் தோன்றும். ஒரு பாதத்தைச் சாய்த்து அதன்மேல் அமர்வதற்கு அந்த மூன்று மூட்டுக்களும் வேண்டும். முடியாதவர் முடிந்தவாறு அமரலாம் என்று மார்க்கம் இடமளிப்பதால், அவர்கள் தத்தமக்கேற்ற இருப்பொன்றைக் கண்டுகொண்டனர். இன்று கதிரையில் அமர்ந்து தொழுவோருக்கென வரிசையின் ஓரத்தில் இடம் வைக்கிறோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வழக்கமும் இல்லை.

தொழிலையும் இக்கோணத்தில் பார்க்கலாம். மருதமுனையின் கைத்தறியில் மிதிபலகை மேலும் கீழுமாகவே அசைகிறது. அதற்குக் கணுக்கால் மூட்டே போதும். தையல் இயந்திரமும் அப்படியே. மூன்று மூட்டுக்கள் பூட்டப்பட்டவருக்குத் தறியும் தையலும் ஏற்ற தொழில்கள். சம்மாந்துறை வயல்வெளியின் ஒடுங்கிய வரம்பும், சாய்ந்தமருதுக் கரையில் தோணி தள்ளும் ஈரமணலும் அவ்வாறல்ல. அங்கே பாதம் பக்கவாட்டில் சரிந்தாக வேண்டும். வறிய விவசாயி மகனுக்குச் சத்திரசிகிச்சை வெற்றி பெற்றாலும் தகப்பனின் தொழில் கைகூடாது. அவனை ஒரு கடையிலோ தறியிலோ அமர்த்த வேண்டியிருந்தது. எலும்பை வெட்டியவருக்கு வயலும் தெரிந்திருக்க வேண்டும் என்பேன்.

இந்த உண்மையை நன்குணர்ந்த இந்தியர்கள் சிலர் இருந்தனர். 1968-இல் ஜெய்ப்பூரில் பி.கே. சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து செயற்கைப் பாதம் ஒன்றை உருவாக்கினர். மேனாட்டுச் செயற்கைக் காலைப் பெற்ற நோயாளர் பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பியதைக் கண்டே அவர்கள் அம்முயற்சியில் இறங்கினர். வெறுங்காலோடு நடக்கவும், சம்மணமிடவும், குந்தவும், சமமற்ற நிலத்தில் சரிந்து கொடுக்கவும் ஏற்ற ரப்பர்ப் பாதம் அது. ஒரு பக்கம் உயிருள்ள பாதத்தின் பக்கவாட்டு அசைவை வேறு வழியின்றி நிபுணர்கள் பூட்டிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அதே அசைவை உயிரற்ற ரப்பருக்குள் கொண்டுவர ஒரு கைவினைஞர் பாடுபட்டார். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: மனிதர் தம் சொந்த நிலத்தில் நடக்க வேண்டும். அந்த ஜெய்ப்பூர்ப் பாதம் 1987-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. பிறகு போர் எத்தனை பேரை அதன் வாசலுக்கு அனுப்பியது என்பதை வாசகர்கள் அறிவர்.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

கீழைக்கரையின் பாதங்களைப் பற்றி எழுதும்போது தொழுநோயைக் குறிப்பிடாமல் விட முடியாது. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை இருந்ததை இப்பகுதியினர் அறிவர். தீவின் மேற்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708-இல் தொடங்கியதற்குக் கிழக்கில் அமைந்த இணை அது. தொழுநோயும் நரம்பைத் தாக்கிப் பாதத்தைத் தொங்கச் செய்யும். ஆனால் அது உணர்ச்சியையும் பறித்துவிடுகிறது. நோவு தெரியாத பாதத்தில் எலும்புகள் நொறுங்கினாலும் மனிதர் நடந்துகொண்டே இருப்பார்.

இத்துறையில் உலகுக்கு வழிகாட்டிய இடம் வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த போல் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தொழுநோயாளரின் கைகளிலும் கால்களிலும் உயிருள்ள தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தும் சிகிச்சைகளை வளர்த்தெடுத்தார். அருகேயுள்ள கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆய்வு நிலையம் எழுந்தது. பிராண்டின் குழுவில் பயின்ற மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். தாம் நிற்க முடியாதவர் பிறரை நிற்க வைத்த கதை அது.

வேலூர் சொன்ன பாடம் இதுதான்: இயங்கும் தசை ஒன்றேனும் எஞ்சியிருந்தால் அதை இடம்மாற்றி அசைவைக் காப்பாற்று, அதற்கும் வழியில்லாவிட்டால், அல்லது எலும்பே உருமாறிவிட்டால், மூட்டைப் பூட்டு. வாதம் பாதித்த கால்களிலும் இவ்விரண்டையும் சேர்த்துச் செய்வதே சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. எலும்பு நேராகாமல் தசைநாணை மாற்றினாலும், தசைச் சமநிலை இல்லாமல் எலும்பைப் பூட்டினாலும், பாதம் காலப்போக்கில் மீண்டும் திருகக்கூடும்.

நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்

பூட்டிய பாதம் காலத்தைத் தாங்குமா? இக்கேள்விக்கு அமெரிக்காவின் அயோவாவிலிருந்து 1999-இல் ஒரு பதில் வெளிவந்தது. இச்சிகிச்சை பெற்ற 57 பேரின் 67 பாதங்களை முதலில் சராசரியாக 25 ஆண்டுகள் கழித்தும், பிறகு அதே மனிதர்களைச் சராசரியாக 44 ஆண்டுகள் கழித்தும் பரிசோதித்தனர். நோயாளர்களுள் மிகப் பெரும்பாலானோர் சிகிச்சையில் மனநிறைவு கொண்டிருந்தனர். அதே வேளை, பூட்டப்படாமல் விடப்பட்ட கணுக்கால் மூட்டிலும் பாதத்தின் முன்மூட்டுக்களிலும் தேய்மானம் ஆண்டுக்காண்டு கூடியிருந்தது. மூன்று மூட்டுக்கள் செய்த வேலை அயல் மூட்டுக்களின் தலையில் விழுந்து, அவை தேய்ந்திருந்தன.

அந்த ஆய்வாளர்களுள் ஒருவர் இக்னாசியோ பொன்செட்டி. பிறவியிலேயே வளைந்த பாதங்களை வெட்டாமல், வாராவாரம் மாவுக்கட்டை மாற்றி மெல்ல நிமிர்த்தும் முறையை உலகுக்குத் தந்தவர் அவரே. வெட்டியதன் நெடுங்கால விளைவைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தவரே வெட்டாத வழியையும் காட்டியிருக்கிறார்.

எங்கள் கரையில் 1962-இன் பிள்ளைகள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். கணுக்கால் நோவென்று அவர்கள் வைத்தியரிடம் போகும்போது, இளம் வைத்தியர்கள் பலருக்கு இளம்பிள்ளைவாதம் பாடநூலில் படித்த நோய் மட்டுமே. போதாக்குறைக்கு, முன்பு தாங்கி நின்ற தசைகளே முதுமையில் மீண்டும் சோர்வதும் இந்நோயாளரிடம் உண்டு. எனவே சிறுவயதில் காய்ச்சல் வந்து கால் விழுந்ததையும், பாதத்தில் சத்திரசிகிச்சை நடந்ததையும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாசகர்களின் பெற்றோரோ மூத்த உறவினரோ இந்நிலையில் இருந்தால் இதை அவர்களுக்கு எடுத்துச்சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக் கூடம் வெறுமையான கதை

இனி, தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். இந்தச் சத்திரசிகிச்சை இலங்கையில் இன்றும் செய்யப்படுகிறது. குதிகால் நொறுங்கிய விபத்துகளுக்கும், முடக்குவாதத்துக்கும், கடுமையான தட்டைப் பாதத்துக்கும், நீரிழிவு பாதித்த சில பாதங்களுக்கும் அது தேவைப்படுகிறது. வாதத்தால் திருகிய பிள்ளையின் பாதத்தோடு எந்த உம்மாவும் இன்று வரிசையில் நிற்பதில்லை. இதைச் சாதித்தது கத்தி அன்று, சொட்டு மருந்து.

1955-இல் ஜோனஸ் சால்க்கின் ஊசிமருந்தும், 1960களின் தொடக்கத்தில் அல்பர்ட் சேபினின் வாய்வழி மருந்தும் வந்தன. கொள்ளைநோய் தாக்கிய அதே 1962-இல் இலங்கை வாய்வழி மருந்தை ஏற்றது. 1978-இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. குடும்பநல மாதுக்கள் சைக்கிளில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் அட்டைகளைப் பார்த்தனர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, எங்கள் ஊர்களில் இரத்தம் சிந்தி, வீதிகள் மூடப்பட்ட காலத்திலும் பனிப்பெட்டியோடு அந்த மருந்து எப்படியோ வந்து சேர்ந்துகொண்டிருந்தது. 1993-இல் நாட்டின் கடைசி நோயாளர் பதிவானார். 1995-இல் தேசிய சொட்டுமருந்து நாட்கள் தொடங்கியபோது, பிள்ளைகளின் வாயில் இரண்டு சொட்டு விடுவதற்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்களும் இருந்தன. அரசாங்கமும் புலிகளும் வேறெதிலும் ஒத்துப்போகாத காலம் அது. 2014 மார்ச் 27 அன்று, இந்தியாவும் இலங்கையும் உள்ளடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியம் இளம்பிள்ளைவாதம் அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இடையில் 2004 டிசம்பர் 26-ஐயும் நினைவிற்கொள்ள வேண்டும். நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீதிகள் இல்லாமலே போயின. கிணறுகள் மாசடைந்தன, ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளில் நெருங்கிக் கிடந்தனர். இளம்பிள்ளைவாதத்துக்கு இதைவிட வாய்ப்பான சூழல் அமைய முடியாது. அது வரவில்லை. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் வீடு வீடாக விட்ட சொட்டுக்களே அந்த முகாம்களின் பிள்ளைகளைக் காத்தன என்பது என் உறுதியான எண்ணம்.

இத்தனைக்கும் பிறகு ஏன் கவலை? 2019-இல் சின்னமுத்தை ஒழித்த நாடென்று இலங்கை சான்று பெற்றது. 2023-இல் அந்நோய் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது சுகாதார மாவட்டங்களில் கைக்குழந்தைகளுக்கு மேலதிகத் தடுப்பூசி ஏற்ற வேண்டியதாயிற்று. அவற்றுள் கல்முனையும் ஒன்று. கைத்தொலைபேசி வழியாகப் பரவும் வதந்திகளும், ‘அந்த நோய்தான் இப்போது இல்லையே’ என்ற அலட்சியமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு முன்னறிவிப்பு. 2022-இல் இலண்டனின் கழிவுநீரில் இளம்பிள்ளைவாத வைரசு காணப்பட்டது. அதே ஆண்டு நியூயோர்க் மாநிலத்தில் தடுப்பூசி பெறாத இளைஞர் ஒருவருக்குக் கால் விழுந்தது. 2024 ஆகஸ்டில் காசாவில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கு வாதம் உறுதியானது. 25 ஆண்டுகளுக்குப் பின் அங்கே முதல் நோயாளர் அக்குழந்தை. குண்டுகளுக்கு நடுவே இடைவேளை பெற்று, செப்டெம்பரில் அங்கே இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தனர். அந்தப் படங்களைக் கல்முனையில் பார்த்துக் கண்கலங்கியவர்கள் பலர். எங்கள் பிள்ளைகளுக்காகவும் ஒருகாலத்தில் துப்பாக்கிகள் இவ்வாறு ஓய்ந்தன என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

நோயைக் கண்ணால் காணாத தலைமுறை தடுப்பூசியின் பயனை உணர்வது கடினம். அதை உணர்த்தக்கூடிய சாட்சிகள் இன்னும் எங்கள் ஊர்களில் நடமாடுகிறார்கள். வயல் வரம்பில் மெல்ல இறங்கும் அந்த மூத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். கால் எப்போது விழுந்தது, எங்கே கொண்டுபோனார்கள், மாவுக்கட்டு எத்தனை மாதம், கட்டைப் பிரித்த அன்று எப்படி நின்றீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். அவர்களுடைய கதையைக் கேட்ட இளந்தாய் எவரும், குடும்பநல மாது குறித்துக் கொடுத்த தவணையைத் தவறவிட மாட்டார் என்று நம்புகிறேன்.